கடைமடை வரை

2006 வாக்கில் செங்கல்பட்டில் இணையத்துக்கென்று ஒரு வேளை இருந்தது. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை. பிஎஸ்என்எல் டேட்டாஒன் இணைப்பில் ஐநூறு ரூபாய்த் திட்டம் வாங்கியவர்களுக்கு அந்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. பகலில் ஒரு படத்தைத் திறக்கவே யோசிக்கிற வீடுகளில் நள்ளிரவு தாண்டியதும் மோடத்தின் விளக்கு விடாமல் துடிக்கும். எங்கள் வீட்டில் அண்ணன் அலாரம் வைத்து எழுந்துகொள்வான். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருவேன்.

அகலப்பட்டை இணைப்பு என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு மத்திய அரசு 2004இல் வைத்த அளவு நொடிக்கு 256 கிலோபிட். பைட் கணக்கில் அது வெறும் 32 கிலோபைட். ஆறு மணி நேரமும் சிந்தாமல் சிதறாமல் வந்தால் 675 மெகாபைட் சேரும். லினக்ஸ் குறுந்தகடு ஒன்றின் கோப்போ ஏறக்குறைய 700 மெகாபைட். ஓர் இரவு முழுக்க விழித்தாலும் ஒரு தகடு முழுதாக வராது, கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்ததே பிட்டொரண்ட்டால்தான். கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எழுதி வைத்து, வந்த துண்டு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளும் முறை அது. நடுவில் கரண்ட் போனால் வந்தது வீணாகாது. டெபியன், உபுண்டு, பெடோரா என்று அண்ணன் இறக்கியதெல்லாம் தகடாக மாறி, காலை மின்சார ரயிலில் அவனோடு சென்னைக்குப் போய், கேட்டவர் கைக்கெல்லாம் சேரும்.

அஸூரியஸ் என்றொரு மென்பொருள். அதில் ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரு சின்ன முகம் இருக்கும். பச்சை முகம் சிரித்தால் எல்லாம் சரி. மஞ்சளாக இருந்தால், நாம் மற்றவர்களைக் கூப்பிட முடிகிறது, மற்றவர்களால் நம்மைக் கூப்பிட முடியவில்லை என்று பொருள். எங்கள் முகம் மஞ்சள். அண்ணன் மோடத்தின் பக்கத்தைத் திறந்தான். 192.168.1.1. அந்த முகவரியை எங்கள் தெருவில் பத்து வீடு வைத்திருந்திருக்கும், உலகத்தில் கோடி வீடு வைத்திருக்கும். வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள் என்று 1996இலேயே ஒதுக்கி வைத்த வரிசையில் அதுவும் ஒன்று. தெருவுக்குத் தெரிகிற முகவரி வேறு. அது மோடத்தின் வெளிப்புறத்தில் இருக்கும், ஒவ்வொரு முறை இணையும்போதும் மாறும். வெளியிலிருந்து வருகிற அழைப்பு மோடம் வரை வந்து, உள்ளே யாருக்கு என்று தெரியாமல் அங்கேயே மடிந்துவிடும். இந்தப் போர்ட் எண்ணுக்கு வருவதையெல்லாம் இந்தக் கணினிக்கு அனுப்பு என்று மோடத்தில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதி, சேமித்து, மோடத்தை அணைத்துப் போட்டான். கொஞ்ச நேரத்தில் முகம் பச்சையானது. பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் யார் யாரோ எங்கள் வீட்டுக் கணினியிடம் வந்து துண்டு கேட்க ஆரம்பித்தார்கள்.

அன்று எனக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. உலகத்திலிருந்து வாங்க எங்களுக்கு முன்பே வழி இருந்தது. எங்களிடமிருந்து உலகம் வாங்கிப் போக வழி பிறந்தது அன்றைக்குத்தான்.

பிட்டொரண்ட் ஒருவரைக் குறித்து வைக்கும் விதமே அழகு. யார் யாரிடம் கோப்பு இருக்கிறது என்று பட்டியல் அனுப்பும் கணினி, ஓர் ஆளை 6 பைட்டில் சொல்லி முடித்துவிடும். முகவரிக்கு 4 பைட், போர்ட்டுக்கு 2 பைட். பெயர் இல்லை, ஊர் இல்லை, பணம் கட்டியவரா என்ற கேள்வி இல்லை. அந்த 6 பைட்டைக் கொண்டு உங்களை வந்தடைய முடிந்தால் நீங்கள் கூட்டத்தில் ஓர் ஆள். முடியாவிட்டால் அரை ஆள். வெளியிலிருந்து எட்ட முடியாத இருவர் எதிரெதிரே இருந்தால், ஒருவருக்கு வேண்டியது இன்னொருவரிடமே இருந்தும், நேராகக் கொடுத்துக்கொள்ள முடியாமல் போகும்.

முகம் பச்சையானதும் அடுத்த தொல்லை வந்தது. கேட்பவர்கள் கூடக்கூட எங்களுக்கு வருவது குறைந்தது. தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்பு ஒருபக்கம் சாய்ந்தது. அதன் முதல் தரநிலையில் இறங்க 8 மெகாபிட் வரை இடம், ஏற 1 மெகாபிட் அளவுக்குத்தான். பின்னால் வந்த தரநிலையில் இறங்கும் பக்கம் 24 ஆனது, ஏறும் பக்கம் ஏறக்குறைய அப்படியே நின்றது. மக்கள் வாங்குவார்கள், கொடுக்க மாட்டார்கள் என்று கம்பியை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே தீர்மானித்த கணக்கு அது. ஆனால் ஒரு துண்டு வந்து சேர்ந்தது என்று அனுப்பியவருக்குச் சொல்லும் சிறு ரசீதும் அந்தக் குறுகிய ஏறு வழியில்தான் போயாக வேண்டும். வழி முழுக்க அப்லோடு நிறைந்துவிட்டால் ரசீது போகாது. ரசீது வராவிட்டால் அடுத்த துண்டை அனுப்ப மாட்டார்கள். அதனால் அப்லோடை அதன் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கில் நிறுத்தி, மீதி ஒரு பங்கை ரசீதுகளுக்கு விட்டு வைப்பது என்று டொரண்ட் பழகியவர்களிடையே ஒரு வழக்கு இருந்தது. அண்ணன் அந்த எண்ணை ஒன்று கூட்டி ஒன்று குறைத்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான்.

மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாத்தா வந்திருந்த ஒரு விடிகாலையில் இதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா கண்ணு, தூங்காம என்னத்தடா காவல் காக்குறீங்க?" என்றார். அண்ணன் அவருக்குச் சொன்னான். தண்ணி குறைச்சலாத்தான் வருது தாத்தா, எல்லாருக்கும் முறை வெச்சுக் குடுக்கணும், நமக்கும் வேணும். தாத்தா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொத்த மதகையும் தொறந்துட்டா மேட்டு வயலே குடிச்சிடும். கடைமடைக்கு எவன் பார்க்குறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி செங்கல்பட்டுச் சீமையின் மூத்த கேள்வி. வற்றாத ஆறு இல்லாத மண். மழை கொடுப்பதை ஏரியில் பிடித்து, மதகு வழியே அளந்து விட்டு வாழ்ந்த ஊர்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையில் தேர்ந்தெடுக்கும் வாரியங்களில் ஏரி வாரியத்தையும் ஒன்றாகச் சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஓர் ஆண்டுப் பொறுப்பு. ஆண்டு முடிந்தால் இன்னொருவர். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இந்தச் சீமையின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து எழுதிய கணக்கில், விளைந்த நெல்லைப் பங்கு போடும் முன் கோயிலுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் என்று எடுத்து வைத்த பங்குகள் ஊர் ஊராகப் பதிந்திருக்கின்றன.

அப்படி ஊருக்குப் பணி செய்தவர்களில் ஒருவர்தான் தண்ணீரை முறை வைத்து விடுகிற நீர்க்கட்டி. அவர் பல ஊர்களில் நிலமில்லாத தலித் குடும்பத்து ஆள். ஆயக்கட்டில் சொந்த வயல் இல்லாததால் எந்த மடைக்கும் சாயமாட்டார் என்று ஊர் அவரை நம்பியது. அந்த நம்பிக்கையின் அடியில் ஒரு பெரிய அநியாயமும் கிடந்தது: ஊர் நீரை எல்லாம் பங்கிட்டவருக்கு நனைக்க ஒரு வயல் இல்லை. தாத்தா நீர்க்கட்டியாக இருந்தவர். அவர் கடைமடையைப் பற்றிக் கேட்டால் அது வேடிக்கைப் பேச்சாக இருக்காது.

பிட்டொரண்ட்டில் நீர்க்கட்டி கிடையாது. நடுவில் நின்று பங்கிட யாரும் இல்லாமல் பங்கீடு எப்படி நடக்கும் என்பதுதான் 2001இல் அதை எழுதி வெளியிட்ட பிராம் கோஹன் அவிழ்த்த முடிச்சு. ஒவ்வொரு கணினியும் ஒரே நேரத்தில் ஒரு சிலருக்கு மட்டும் கொடுக்கும். தொடக்க கால மென்பொருளில் அது நான்கு பேர். யார் அந்த நான்கு பேர்? எனக்கு அதிகம் கொடுப்பவர்கள். பத்து நொடிக்கு ஒரு முறை கணக்கைப் பார்த்து, கொடுக்காதவரை நிறுத்தி, கொடுப்பவருக்குத் திறக்கும். இது வரையில் கேட்டால் கறாரான வியாபாரம் போலத் தெரியும். நீ கொடுத்தால் நான் கொடுப்பேன்.

ஆனால் புதிதாக வந்தவரிடம் கொடுக்க என்ன இருக்கும்? ஒரு துண்டும் இல்லாதவர் எதைக் கொடுத்துத் தொடங்குவார்? இந்த இடத்தில் கோஹன் வைத்த விதியை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனது நெகிழும். ஒவ்வொரு கணினியும் ஓர் இடத்தை எந்தக் கணக்கும் பார்க்காமல் யாராவது ஒருவருக்குத் திறந்து விட வேண்டும். முப்பது நொடிக்கு ஒரு முறை அந்த இடம் ஆள் மாறும். அப்போதுதான் வந்து சேர்ந்தவருக்கு அந்த வாய்ப்பு மற்றவரைவிட மூன்று மடங்கு. முன்பின் தெரியாதவர் ஒருவரிடமிருந்து இலவசமாக வரும் அந்த முதல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் புதியவர் கொடுக்கத் தொடங்குகிறார். இரக்கத்தை ஓர் அலங்காரமாக ஒட்டி வைக்கவில்லை. அது இல்லாவிட்டால் கூட்டமே கூடாது. அதோடு, யாரிடமும் அதிகம் இல்லாத துண்டை முதலில் கேட்டு வாங்கு என்று இன்னொரு விதி. அரிதானது பெருகிவிடும், அதை வைத்திருந்த ஒரே ஆள் கிளம்பிப் போனாலும் கூட்டம் பட்டினி கிடக்காது. தாத்தாவுக்கு அண்ணன் இவற்றை விளக்கியபோது அவர் கேட்டுக்கொண்டு, "கடைசியா வந்தவனுக்கு மொத வாய் குடுக்குறீங்க. அப்ப சரி" என்றார்.

அந்த ஆண்டுகளில் எனக்கு மாமல்லபுரத்தில் வேலை கிடைத்தது. ஒத்தவாடைத் தெருவில், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதிகளுக்கு நடுவில் ஒரு பிரவுசிங் சென்டர். உளி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும் ஊர். சிற்பக் கல்லூரி 1957இல் வந்த நாளிலிருந்து படித்து வந்த சிற்பிகளும், பரம்பரைப் பட்டறைக்காரர்களும் பக்கம் பக்கமாக வேலை செய்யும் தெருக்கள். சாயங்காலம் ஆனால் பயணிகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்கைப்பில் வீட்டுக்குப் பேசுவார்கள். பட்டறைக்காரர் ஒருவர், முடித்த கல் விநாயகரின் படத்தைக் கொண்டு வந்து, வாங்குகிறவருக்கு முகம் பார்த்துப் பேசியபடியே காட்டுவார்.

ஸ்கைப்பும் அப்போது, பிட்டொரண்ட் போலவே, வீட்டுக் கணினிகள் ஒன்றுக்கொன்று உதவும் கூட்டம்தான். 2003 ஆகஸ்டில் அதை வெளியிட்டவர்கள், அதற்கு முன் கசா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைச் செய்த எஸ்தோனியப் பொறியாளர்களும் அவர்களோடு இருந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரம், யானுஸ் ஃப்ரீஸ் ஆகியோரும். வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியும் தாராளமான பேண்ட்வித்தும் உள்ள கணினியாகப் பார்த்து, மென்பொருள் தானாகவே அதற்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்துவிடும். சுவருக்குப் பின்னால் இருக்கும் இருவர் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க அந்தக் கணினி நடுவில் நின்று உதவும். தேவைப்பட்டால் அவர்கள் பேச்சையே தன் வழியாகச் சுமந்து தரும். ஒத்தவாடைத் தெருவிலிருந்து பேசிய ஒரு தாயின் குரல், முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக் கணினி வழியாகப் போய்த் தன் பிள்ளையை அடைந்திருக்கும். சுமந்தவருக்கும் தெரியாது, பேசியவருக்கும் தெரியாது.

2007 ஆகஸ்ட் 16 அன்று அந்தக் கூட்டம் சரிந்தது. விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அணைந்து மீண்டன. எல்லாம் சேர்ந்து உள்ளே வர முட்டியதில், தாங்கி நின்ற கணினிகளும் போதவில்லை. சுமார் இரண்டு நாள் ஆனது சீராக. அதன் பிறகு 2012இல், ஸ்கைப்பை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட், வீட்டுக் கணினிகள் தாங்கிய இந்தப் பொறுப்பைத் தன் சொந்தக் கணினிகளுக்கு மாற்றிக்கொண்டது. அழைப்பு நிலையானது, செல்பேசிக்கு ஏற்றதும் ஆனது. 2025 மே 5 அன்று ஸ்கைப்பையே மூடினார்கள். கூட்டத்தின் கையில் இருந்தவரை அது சரிந்த பின்னும் எழுந்தது. ஒரே உரிமையாளரின் கைக்குப் போனபோது, மூட அவர் ஒரு முடிவு எடுத்தது போதுமானதாக இருந்தது.

2012 என்றதும் அந்தக் கோடை நினைவுக்கு வருகிறது. '3' திரைப்படத்தின் தயாரிப்பாளர் கேட்டுப் பெற்ற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் டொரண்ட் தளங்களோடு, விமியோ போன்ற வீடியோ தளங்களையும் முழுதாக மூடின. படம் எடுத்தவரின் உழைப்பு திருடுபோகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் ஒரு மதகில் ஒருவன் திருட்டுத் தண்ணீர் எடுத்தால் ஏரியையே மூடுவார்களா என்று அன்று நாங்கள் கொதித்தோம். ஜூன் 22 அன்று அதே நீதிமன்றம், குறிப்பிட்ட கோப்பின் முகவரியை மட்டும் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. முகவரியை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறோம் என்பதில் ஒருவரின் உரிமை நிற்கும் என்பதை அந்தத் தீர்ப்பில் கற்றுக்கொண்டேன்.

அதற்குள் முகவரிகளே தீர்ந்துகொண்டிருந்தன. 32 பிட்டில் எழுதும் பழைய முகவரிகள் மொத்தம் 429 கோடி சொச்சம். உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுதிக்கு வந்து, ரேஷன் முறை தொடங்கியது. அடுத்த ஆண்டே, இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு உள்ளுக்குள் கொடுத்துக்கொள்ள 100.64 என்று தொடங்கும் ஒரு வரிசையை ஒதுக்கினார்கள். நான் கடற்கரைப் பக்கம் வீடு மாறியபோது வாங்கிய இணைப்பில் அந்த எண்தான் வந்தது. வேகம் பழையதைவிடப் பல மடங்கு. மோடத்தில் நான் எழுதிய வரியால் ஒரு பயனும் இல்லை. ஏனென்றால் என் மோடத்துக்கும் வெளியே, நிறுவனத்தின் இடத்தில், இன்னொரு சுவர். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரி; அதன் 65,536 போர்ட் எண்களில் ஆளுக்குக் கொஞ்சம். என் வாசல் என் கையில் இல்லை. மஞ்சள் முகம் திரும்பிவிட்டது, இந்த முறை அதைப் பச்சையாக்க என்னால் ஆகாது.

வேகமாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் நல்லவாடு கதையைச் சொல்வேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால், புதுச்சேரி தாண்டி வரும் மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அந்த வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களை நடத்தியது. தொலைபேசிக் கம்பி போகாத ஊர்களுக்கு வானொலி அலை வழியே தரவு போகும். கடல் அலையின் உயரத்தைத் தினமும் வாங்கி, ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். செய்தி ஒலிபெருக்கிக்குப் போனது. ஊர் மேட்டுக்கு ஓடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். அதே காலையில் எங்கள் கரையில், கல்பாக்கம் நகரியத்திலும் மீனவக் குப்பங்களிலும், சொல்ல ஆள் இல்லாமல் உயிர்கள் போயின.

நல்லவாட்டைக் காத்தது அதிவேக இணைப்பு இல்லை. வெளியில் இருந்த ஒருவர் கூப்பிட ஓர் எண் இருந்தது. கூப்பிட்டால் மணி அடித்தது. எடுத்தவர் கையில் ஊருக்கே பேசும் குழாய் இருந்தது. எட்டக்கூடிய முகவரி, ஏறிப்போகும் வழி. அண்ணன் இரவெல்லாம் காவல் காத்தது இந்த இரண்டைத்தான்.

இப்போது ஏறும் பக்கத்தின் அருமை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் கரையில் இருக்கும் புதுப்பட்டினத்துப் பையன்கள் வலை இழுப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். பட்டறையிலிருந்து சிலையை நாலாபுறமும் சுற்றிக் காட்டி நேரலையில் விற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கொரோனாக் காலத்தில் வீட்டுப்பாடத்தை ஏற்ற முடியாமல் மொட்டை மாடியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி இழைக்குத் தொலைபேசிக் கம்பியின் சாய்வு கிடையாது. ஏறவும் இறங்கவும் சமமாகக் கொடுக்க அதால் முடியும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் கொண்டு சேர்ப்பதைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் இலக்காக வைத்திருக்கிறது. முகவரிப் பஞ்சமும் நீங்க வழி இருக்கிறது. 128 பிட்டில் எழுதும் ஐபிவி6 முகவரியில் ஒவ்வொரு வீட்டுக்கும், வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த எண் கொடுத்தாலும் தீராது. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. என் வீட்டுக்கும் கிடைத்துவிட்டது. எதற்குக் கதவு திறப்பது, எதற்குச் சாத்துவது என்பதை என் மோடத்தில் நானே எழுதுகிறேன்.

ஆனால் எண் இருப்பது வேறு, எட்ட விடுவது வேறு. புது முகவரியைக் கொடுத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தங்கள் பக்கத்திலேயே தடுக்கும் இணைப்புகள் இருக்கின்றன. அதனால் எங்கள் பக்கத்து இளைஞர்கள் இணைப்பு வாங்கும்போது, இறங்கும் வேகத்தைக் கேட்கும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். ஏறும் வேகம் எவ்வளவு? எனக்கென்று வெளியில் தெரியும் முகவரி உண்டா? வெளியிலிருந்து என்னைக் கூப்பிட முடியுமா, அதைத் திறக்கவும் மூடவும் எனக்கு அதிகாரம் உண்டா? ஊராட்சிக்குக் கண்ணாடி இழை வரும்போது கிராம சபையிலும் இதே மூன்றைக் கேட்டுத் தீர்மானம் எழுத வேண்டும். ஏரித் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்வதைப் பற்றித் தீர்மானம் எழுதிப் பழகிய மண் இது. ஒரு குப்பத்துப் பெண் தான் எடுத்த படத்தை யாருடைய தயவும் இல்லாமல் தன் வீட்டுக் கணினியிலிருந்தே உலகத்துக்குக் கொடுக்க முடிகிற நாள் வந்தால், அன்றைக்கு இணையம் எங்கள் கடைமடைக்கு வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்வேன். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.